எல்லாச் சிக்கலுக்கும் மீன்முள் வரைபடமா?

ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது, காரணம் பிடிபடவில்லை என்றால், கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பலகையில் நீளமாக ஒரு கோடு போடுவார். வலது முனையில் சிக்கலை எழுதுவார். மேலும் கீழுமாகச் சாய்கோடுகளை இழுத்து, 'சரி, காரணங்களைச் சொல்லுங்கள்' என்பார். காரண-விளைவு வரைபடம், இஷிகாவா வரைபடம், மீன்முள் வரைபடம் என்று மூன்று பெயர்களில் வழங்குவது இதுதான். ஒரு மணி நேரத்தில் பலகை நிரம்பிவிடும். நாற்பது ஐம்பது காரணங்கள் தேறும். அடுத்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

வரைபடத்தைத் திட்டிப் பயனில்லை. அந்த நேரத்துக்கு அது பொருந்தாத கருவியாக இருந்திருக்கலாம். காரணம் தேட வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் தரும். சிக்கலைப் பற்றி இப்போது கையில் என்ன தகவல் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கருவியை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கண்ணோட்டத்தில் ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: மீன்முள், ஐந்து ஏன், உண்டு-இல்லை ஒப்பீடு, ஃபால்ட் ட்ரீ (தவறுகளை மரம்போலக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் படம்), காரணச் சுழல் வரைபடம்.

ஆளுக்கொரு உதாரணம் சொன்னால் எல்லாக் கருவிகளும் நன்றாகவே தெரியும். எனவே ஒரே சம்பவத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியும் அதில் எதைக் காட்டுகிறது, எதைத் தவறவிடுகிறது என்று பார்ப்போம்.

ஒப்பிட எடுத்துக்கொண்ட சம்பவம்

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மாண்ட்ரியலில் கிளம்பி, ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. விமானிகள் அதைக் கிளைடர்போல மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். 'கிம்லி கிளைடர்' என்ற பெயரே அந்த விமானத்துக்கு நிலைத்துவிட்டது.

நடந்தது இதுதான். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பழுதாகி, விமானி அறையில் அளவு எதுவும் தெரியவில்லை. அதனால் தொட்டியில் அளவுகோலால் அளந்தார்கள்: 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.803-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். நிறுவனத்தின் மற்ற விமானங்கள் எல்லாம் பவுண்டில் இயங்க, புதிதாக வந்த 767 மட்டும் கிலோவில் இயங்கியது. கணக்கின்படி இன்னும் 4,917 லிட்டர் போதும் என்று வந்தது. உண்மையில் 20,088 லிட்டர் நிரப்பியிருக்க வேண்டும். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது.

இந்தத் தகவல்களை நினைவில் வைத்துக்கொண்டு, முதலில் எல்லோருக்கும் தெரிந்த கருவிக்குப் போவோம்.

மீன்முள்: சந்தேகங்களைச் சேகரிக்கும் கருவி

ஜப்பானியத் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் கவோரு இஷிகாவா (1915–1989) இந்த வரைபடத்தை 1943-இல் கவாசாகி எஃகு ஆலையின் பொறியாளர்களுக்காகப் பயன்படுத்தினார். பல காரணிகள் சேர்ந்து ஒரு விளைவைப் பாதிக்கும்போது, அவற்றை எப்படி வகைப்படுத்தி, எதன் கீழ் எது வருகிறது என்று காட்டுவது என்பதுதான் அன்றைய கேள்வி. பிறகு ஜப்பானியத் தரக்கட்டுப்பாட்டு இயக்கத்தின் 'ஏழு கருவிகளில்' ஒன்றாக அது இடம்பிடித்தது. நிறுவனத்தில் வரும் சிக்கல்களில் 95 சதவீதத்தை இந்த ஏழு கருவிகளைக் கொண்டே தீர்க்கலாம் என்று இஷிகாவா சொல்லிவந்தார். ஏழில் மற்ற ஆறும் தரவு கேட்பவை: செக் ஷீட், ஹிஸ்டோகிராம், பரேட்டோ, ஸ்கேட்டர், கன்ட்ரோல் சார்ட், தரவைப் பிரித்துப் பார்த்தல். மீன்முள் மட்டுமே தரவு இல்லாமலும் வரையக்கூடியது. அது பரவியதற்கும் பாழானதற்கும் அதுவேதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. மற்ற ஆறோடும் சேர்ந்து வேலைசெய்ய வந்த கருவியைத் தனியே பிய்த்து எடுத்துக்கொண்டுவிட்டோம்.

மீன்முள்ளில் சிக்கலை எழுதும் முனை தலை; காரணங்களை வகைவாரியாக எழுதும் சாய்கோடுகள் எலும்புகள், வழக்கமாக ஆறு. கிம்லி விமானத்துக்கு மீன்முள் வரைந்தால் ஆறு எலும்புகளும் நிரம்பும். எந்திரம்: அளவு காட்டும் கருவியில் சரியாகப் பற்றவைக்கப்படாத ஓர் இணைப்பு. அளவீடு: தவறான பெருக்கல் எண். முறை: எரிபொருள் கணக்கு யாருடைய பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை; பழைய விமானங்களில் அதைப் பார்த்துக்கொண்ட ஃபிளைட் எஞ்சினியர் 767-இல் கிடையாது. ஆள்: புதிய அலகில் பழக்கமில்லை, பணி மாறும்போது சொன்ன தகவலைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். பொருள்: எரிபொருள் நிரப்பியவர்கள் தந்த சீட்டிலேயே 1.77 என்று எழுதியிருந்தது. சூழல்: நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம்.

எல்லாமே உண்மை, எதுவும் விடுபடவில்லை. பல துறை ஆட்கள் ஒரு பலகை முன்னால் உட்கார்ந்தால்தான் இப்படி ஒரு படம் கிடைக்கும். பராமரிப்புப் பிரிவுக்குத் தெரிந்தது விமானிகளுக்குத் தெரியாது, விமானிகளுக்குத் தெரிந்தது எரிபொருள் நிரப்புகிறவர்களுக்குத் தெரியாது. இந்தச் சேகரிப்பில் மீன்முள்ளை அடிக்க வேறு கருவி இல்லை.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து, இந்த ஆறில் எது ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் விமானம் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியுமா? முடியாது. எல்லா எலும்பும் ஒரே கனத்தில் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு காரணங்கள் சேர்ந்தால்தான் விளைவு வருமா, ஒன்றே போதுமா என்று காட்ட மீன்முள்ளில் குறியீடே கிடையாது. காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்பதால் அது நடந்தது என்றும் ஆகாது. பலகையில் உள்ளவை எல்லாம் சந்தேகங்கள்தான்.

வரைகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் சில இடங்கள் உண்டு. தலையில் 'தரம் சரியில்லை' என்று எழுதினால் உலகத்துக் காரணமெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். எது, எங்கே, எப்போதிருந்து, எவ்வளவு என்று எழுதினால் பாதிக் காரணங்கள் வாசலிலேயே நின்றுவிடும். அடுத்தது 'ஆள்' என்ற எலும்பு. கவனக்குறைவு, பயிற்சி போதாது என்று எல்லாப் பழியும் அங்கே குவியும். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அதற்குமேல் தோண்ட மனம் வராது. மூன்றாவது, காரணம்போல வேடம் போட்ட தீர்வு. 'தானியங்கி எச்சரிக்கை இல்லை' என்று ஒருவர் எழுதினால், அவர் ஏற்கெனவே ஒரு தானியங்கி எச்சரிக்கை வாங்க முடிவுசெய்துவிட்டார் என்று அர்த்தம். 'இல்லை' என்று முடியும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கடைசியாக, வாக்கெடுப்பு. ஆளுக்கு மூன்று புள்ளி கொடுத்து, அதிகப் புள்ளி வாங்கியதே மூல காரணம் என்று அறிவிப்பார்கள். எதை முதலில் சோதிப்பது என்று முடிவெடுக்க வாக்கெடுப்பு நல்லதுதான். எது உண்மை என்பதை அது தீர்மானிக்காது. கூட்டத்தில் மேலதிகாரி முதலில் புள்ளி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆறு எலும்பு என்பதும் கட்டாயமில்லை. இஷிகாவாவே மூன்று வகைகளைச் சொன்னார்: விளைவு ஏன் ஏறி இறங்குகிறது என்று காரணங்களைப் பிரித்துக்கொண்டே போவது, வேலை நடக்கும் வரிசையையே முதுகெலும்பாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் காரணத்தை எழுதுவது, முதலில் தோன்றியதையெல்லாம் பட்டியலிட்டுவிட்டு, பிறகு வகைப்படுத்துவது. அலுவலக வேலைக்கும் மென்பொருளுக்கும் இரண்டாவது வகைதான் பெரும்பாலும் பொருந்தும். ஒரு விண்ணப்பம் வருவதிலிருந்து முடிவாகும்வரை எந்தெந்த மேசையைக் கடக்கிறது என்ற வரிசையில் எலும்புகளைப் போட்டால், 'மூலப்பொருள்' என்ற தலைப்பின் கீழ் எதை எழுதுவது என்று யாரும் விழிக்க வேண்டியதில்லை. சுமிடோமோ எலக்ட்ரிக்கைச் சேர்ந்த ரியூஜி ஃபுகுடா, மீன்முள்ளில் அட்டைகளைச் சேர்க்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். வரைபடம் வேலை நடக்கும் இடத்திலேயே சுவரில் தொங்கும்; யாருக்கு எப்போது எது கண்ணில் பட்டாலும் அட்டையில் எழுதிக் குத்துவார்கள். ஒரு கூட்டத்தில் தோன்றியதோடு நிற்காமல், வாரக்கணக்கில் பார்த்தவையும் சேர்வதால் மீன்முள்ளின் பெரிய குறை ஒன்று குறைகிறது.

ஐந்து ஏன்: நேர்கோட்டில் மட்டும் நன்றாக ஓடும்

டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணம் பிரபலமானது. எந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன் சுமை கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடியது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் மறுபடி நின்றிருக்கும்.

அழகான சங்கிலி. ஆனால் அந்த அழகு கேள்வியால் மட்டும் வந்ததில்லை. ஒவ்வொரு பதிலையும் எந்திரத்தைத் திறந்து கண்ணால் பார்க்க முடிந்தது. ஃபியூஸ் போயிருக்கிறதா, பார்க்கலாம். தண்டு தேய்ந்திருக்கிறதா, தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐந்து தடவை ஏன் கேட்டால் ஐந்து ஊகம்தான் கிடைக்கும். முதல் ஊகம் தவறினால் மற்ற நான்கும் அதன் பின்னாலேயே போகும்.

கிம்லிக்கு ஐந்து ஏன் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஏன் நின்றது? எரிபொருள் இல்லை. ஏன்? பாதிக்கும் குறைவாக நிரப்பினார்கள். ஏன்? தவறான எண்ணால் பெருக்கினார்கள். ஏன்? சீட்டில் அந்த எண்தான் இருந்தது, மற்ற விமானங்களுக்கு அதுதான் பழக்கம். ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? கிலோவில் கணக்குப் போடுவது யார் வேலை என்று தெளிவாக இல்லை. சரி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் முடிந்தது என்று கோப்பை மூடிவிடலாம். அளவு காட்டும் கருவி பழுது என்ற விஷயமே இந்தச் சங்கிலியில் வரவில்லை! கருவி வேலைசெய்திருந்தால், கணக்குத் தவறியிருந்தாலும் புறப்படும் முன்பே தெரிந்திருக்கும். 'ஏன் யாரும் கவனிக்கவில்லை' என்று இரண்டாவது சங்கிலி ஒன்றைத் தனியாகத் தொடங்கினால்தான் அது அகப்படும்.

ஆகவே ஐந்து ஏன் கேட்பதாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். இது ஏன் நடந்தது என்று ஒன்று. நடந்தது ஏன் முன்கூட்டியே பிடிபடவில்லை என்று இன்னொன்று. ஐந்து என்ற எண்ணுக்கு எந்தப் புனிதமும் இல்லை. நம்மால் மாற்றக்கூடிய ஒன்றைத் தொட்டதும் நிறுத்தலாம். அன்றாடச் சின்னக் கோளாறுகளுக்கு, இரண்டு பேர் கால் மணி நேரம் உட்கார்ந்து முடிக்கும் விஷயங்களுக்கு, இதைவிட மலிவான கருவி வேறு இல்லை. ஒரே சிக்கலை இரண்டு குழுக்களிடம் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு மூல காரணங்கள் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உண்டு-இல்லை: அதிகம் கவனிக்கப்படாத கருவி

ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் கூடவே எழுதப்போகிறேன். ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்து விலகி 1958-இல் சொந்த நிறுவனம் தொடங்கிய சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் ட்ரெகோ இருவரும் முறைப்படுத்தியது. இதில் ஏன் என்ற கேள்வியே முதலில் கிடையாது. சிக்கல் எதில் உண்டு, எதில் வந்திருக்கலாம் ஆனால் இல்லை? எங்கே உண்டு, எங்கே இல்லை? எப்போதிலிருந்து உண்டு, அதற்கு முன் எப்போது இல்லை? எவ்வளவு உண்டு, எவ்வளவு இல்லை? இரண்டு பத்தியாக எழுதுகிறோம். பிறகு, 'உண்டு' பக்கத்தில் இருப்பதற்கும் 'இல்லை' பக்கத்தில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டில் சமீபத்தில் எது மாறியது என்று பார்க்கிறோம். யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: அது 'உண்டு' பக்கத்தையும் விளக்குகிறதா, 'இல்லை' பக்கத்தையும் விளக்குகிறதா?

அவர்கள் முறைப்படுத்துவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டியவர் ஜான் ஸ்னோ. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. கெட்ட காற்றுதான் காரணம் என்பது அன்றைய பரவலான நம்பிக்கை. பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த பம்பின் தண்ணீரை ஸ்னோ சந்தேகப்பட்டார். பம்பைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருந்தன என்பது மட்டும் போதாது. கெட்ட காற்றும் அங்கேயே குவிந்திருக்கலாமே? வழக்கு வலுத்தது 'இல்லை' பக்கத்தால்தான். பக்கத்திலேயே ஓர் ஏழைகள் விடுதி. 535 பேர் இருந்தார்கள், காலராவில் இறந்தது 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் காய்ச்சும் ஆலை ஒன்று. அந்த ஊழியர்கள் பெரும்பாலும் பம்புப் பக்கமே போகவில்லை. காற்றுதான் காரணம் என்றால் இவர்கள் எப்படித் தப்பினார்கள்? மறுபக்கம், வெகுதொலைவில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு பெண்மணி காலராவில் இறந்தார். அந்தப் பம்புத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர்.

பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்று பலரும் சொல்வார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி அதைக் கழற்றியபோது நோய் ஏற்கெனவே தணிந்துகொண்டுதான் இருந்தது; ஸ்னோவே அதை எழுதியிருக்கிறார். கைப்பிடியைவிட ஆலையும் விடுதியும்தான் பலமான சாட்சிகள்.

இன்றைய உதாரணமாக, ஒரு செயலியில் பணம் செலுத்துவது தோல்வியடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மீன்முள் வரைந்தால் சர்வர், நெட்வொர்க், வங்கி, பயனர், பதிப்பு என்று பலகை நிறையும். உண்டு-இல்லை எழுதினால்: ஆண்ட்ராய்டில் உண்டு, ஐபோனில் இல்லை. புதிய பதிப்பில் உண்டு, பழையதில் இல்லை. சேமித்து வைத்த அட்டையில் உண்டு, புதிதாக எண் கொடுத்தால் இல்லை. இதற்குமேல் சர்வரையும் நெட்வொர்க்கையும் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கால் மணி நேரத்தில் ஐம்பது சந்தேகங்கள் இரண்டாகிவிட்டன.

கிம்லியில் இந்தக் கருவி எப்படி? நன்றாகவே உதவுகிறது, ஆனால் முழுமையாக இல்லை. பவுண்டில் இயங்கிய மற்ற விமானங்களில் இந்தத் தவறு இல்லை, கிலோவில் இயங்கிய 767-இல் உண்டு. அந்த வேறுபாடு நேராக அலகு மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் ஒரே ஒருமுறை நடந்த விபத்தில் 'இல்லை' பக்கத்தில் எழுத அதிகம் இருக்காது. இந்தக் கருவி மீண்டும் மீண்டும் வரும் சிக்கலுக்கும், முன்பு நன்றாக இருந்து பிறகு கெட்ட ஒன்றுக்கும் ஏற்றது. முதல் நாளிலிருந்தே சரியாக ஓடாத ஒன்றுக்கு 'எப்போது மாறியது' என்ற கேள்வியே எழாது. அங்கே மீன்முள்தான் சரி.

ஃபால்ட் ட்ரீ: சேர்ந்து நடந்தால்தான் ஆபத்து என்றால்

1962-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எச்.ஏ. வாட்சன், அமெரிக்க விமானப்படையின் மினிட்மேன் ஏவுகணை ஏவும் அமைப்பை ஆராய உருவாக்கியது இது. பிறகு போயிங் எடுத்துக்கொண்டது. 1975-இல் வெளிவந்த அமெரிக்க அணுஉலைப் பாதுகாப்பு ஆய்வு இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. உச்சியில் நடக்கக்கூடாத ஒன்று. அதன் கீழே காரணங்கள், 'மற்றும்', 'அல்லது' என்ற இரண்டு வாயில்கள் வழியாக இணைகின்றன. மீன்முள்ளில் இல்லாதது இந்த வாயில்கள்தான்.

கிம்லிக்கு வரைந்தால் உச்சிக்குக் கீழே முதல் வாயிலே 'மற்றும்'. எரிபொருள் குறைவாக நிரப்பப்பட்டது, மற்றும் அது குறைவு என்று பறக்கும்வரை தெரியவில்லை. இரண்டும் சேர வேண்டும். முதலாவதின் கீழே: தவறான எண், மற்றும் சரிபார்த்தவர்களும் அதைப் பிடிக்கவில்லை. இரண்டாவதின் கீழே: அளவு காட்டும் கருவி செயலிழந்தது, மற்றும் அந்த நிலையிலும் விமானம் புறப்பட அனுமதி கிடைத்தது. விதிப்படி அப்படிப் புறப்படக்கூடாது. இந்த மரத்தில் எந்த 'மற்றும்' கிளையை வெட்டினாலும் விபத்து இல்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆறு எலும்புகளுக்கு ஆறு நடவடிக்கை என்று ஓடாமல், எங்கே ஒரு வெட்டு போதும் என்று யோசிக்க முடிகிறது.

இன்னொன்றும் தெரிகிறது. 'மற்றும்' வாயிலில் நிகழ்தகவுகளைப் பெருக்குவார்கள். நூறில் ஒரு முறை தவறும் இரண்டு காவல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டும் ஒருசேரத் தவறுவது பத்தாயிரத்தில் ஒரு முறை. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77-ஆல் பெருக்கினார்கள். இரண்டாவது சோதனை முதல் சோதனையின் நகல்தான். ஒரே வேரிலிருந்து இரண்டு காவல்களும் தவறும்போது அந்தப் பெருக்கல் கணக்குக்கு மதிப்பே இல்லை. மரத்தைக் கவனமாக வரைந்தால், ஒரே காரணம் இரண்டு கிளைகளில் தலைகாட்டுவதைப் பார்த்து இதைப் பிடிக்கலாம்.

விலை? நேரம். அமைப்பு எப்படி இயங்குகிறது என்று நன்றாகத் தெரிந்தவர் வேண்டும். ஒரு பிற்பகலில் முடியாது, மரம் வளர்ந்துகொண்டே போகும். உயிர் போகும், பெரும் நஷ்டம் வரும், தரவு தொலையும் என்ற இடங்களில் மட்டும் இதை எடுங்கள். அறிக்கை தாமதமாக வருவதற்கெல்லாம் ஃபால்ட் ட்ரீ போடுவது வீண் வேலை.

காரணச் சுழல்: விளைவே காரணமாகத் திரும்பும்போது

மேலே சொன்ன நான்கிலும் அம்புகள் ஒரே திசையில்தான் போகும். சில சிக்கல்களுக்கு அது சரிப்படாது. ஒரு வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பதில் சொல்லாத புகார்கள் தேங்குகின்றன. அவசரத்தில் அரைகுறையாகப் பதில் அனுப்புகிறார்கள். திருப்தியில்லாதவர்கள் மறுபடி எழுதுகிறார்கள். தேக்கம் கூடுகிறது. இதில் எது காரணம், எது விளைவு? மீன்முள் வரைந்தால் 'தேக்கம்' தலையிலும் வரும், எலும்பிலும் வரும். வரைகிறவர்கள் குழம்பி எங்காவது ஓரிடத்தில் அறுத்துவிடுவார்கள்.

ஒரே சொல் தலையிலும் எலும்பிலும் வருகிறது என்றால், அது மீன்முள்ளை விட்டுவிட வேண்டிய நேரம். 1950-களில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தொடங்கிய சிஸ்டம் டைனமிக்ஸ் துறை இதற்குச் சுழல் வரைபடங்களைத் தந்தது. அம்புகள் வட்டமாகத் திரும்பி வரும். எந்தச் சுழல் தானாகப் பெருகும், எது தானாக அடங்கும் என்று குறிப்பார்கள். கிம்லிக்கு இதனால் பயன் குறைவு, அது சுழலாக நடந்த விஷயம் அன்று. மாதக்கணக்கில் மெதுவாக மோசமாகிக்கொண்டே போகும் சிக்கல்களுக்குத்தான் இது. குறை என்னவென்றால், பெரிய சுழல் வரைபடம் பார்க்க ஆழமாக இருக்கும், ஆனால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். இரண்டு மூன்று சுழல்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்படியானால் எதை எடுப்பது?

பரேட்டோ வரைபடத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது காரணம் காட்டாது, எந்தச் சிக்கலை எடுப்பது என்று காட்டும். பத்து வகைக் குறைகள் இருந்தால் முதலில் எண்ணிப் பார்த்து, அதிகம் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் மற்றவை.

சிக்கல் சில இடங்களில் வருகிறது, சில இடங்களில் வரவில்லை என்ற தகவல் கொஞ்சமாவது கையில் இருந்தால் முதலில் உண்டு-இல்லை. பலரும் நேராக மீன்முள்ளுக்குப் போவதைத்தான் நான் மாற்றச் சொல்வேன். உண்டு-இல்லை எழுதிய பிறகும் மீன்முள் வரையலாம்; அப்போது தலையில் எழுதும் வாக்கியம் கூர்மையாக இருக்கும், நாற்பது எலும்பு பத்தாகக் குறைந்திருக்கும். அந்தத் தகவலே இல்லை, பல துறைகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றால் மீன்முள்ளில் தொடங்குங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் பேசாமல், தனித்தனிச் சீட்டில் காரணங்களை எழுதட்டும். இல்லையென்றால் உரக்கப் பேசுகிறவரின் காரணங்கள்தான் பலகைக்கு வரும். எலும்பில் தேறிய ஒன்றிரண்டு காரணங்களைத் தோண்ட ஐந்து ஏன் போதும். 'இது மட்டும் நடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது' என்று யாராவது சொன்னால், அங்கே 'மற்றும்' வாயில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு மட்டுமாவது ஒரு சின்ன மரம் வரையுங்கள். முழு ஃபால்ட் ட்ரீ தேவைப்படாது.

எதை வரைந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பலகையில் மிஞ்சிய ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, 'இது உண்மையானால் வேறெங்கே என்ன தெரிய வேண்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் அந்தக் காரணத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்து, பிறகு நீக்கிப் பார்க்க வேண்டும். வரவழைத்தால் சிக்கலும் வருகிறது, நீக்கினால் போகிறது என்றால் ஓரளவு நம்பலாம். நீக்கியதும் போய்விட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து நம்பினால், பம்பின் கைப்பிடி விஷயத்தில் உலகம் செய்த அதே தவறுதான். விபத்துபோல வரவழைத்துப் பார்க்க முடியாத சிக்கலாக இருந்தால் பதிவேடுகளைப் புரட்டிச் சாட்சி தேட வேண்டும். அந்த வரிகளுக்கு எதிரே, சோதிக்கப்போகிறவரின் பெயரையும் முடிக்க வேண்டிய தேதியையும் எழுதிய பிறகு பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.